ஆற்றுக் குருடு நோய்: மருந்து இருந்தும் ஏன் இத்தனை காலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரை ஊர்களையே காலி செய்யவைத்த நோய் இது. 1987 முதல் இதற்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து இருக்கிறது, அதுவும் இலவசமாக. அப்படியும் இன்னும் முழுசாக ஒழியவில்லை. ஏன், எங்கே ஒழிந்தது, எங்கே ஒழியவில்லை என்று வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

ஆறு எப்படிக் கண்ணைப் பறிக்கும்?

ஆற்றில் குளித்தால் வராது, அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் வராது. நடுவில் ஒரு ஈ இருக்கிறது. சிமூலியம் இனத்தைச் சேர்ந்த, கொசுவைவிடச் சிறிய, முதுகு கூனிய கரு ஈ. கொசு தேங்கிய தண்ணீரில் பெருகும். கரு ஈ அதற்கு நேர்மாறு. பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீர்தான் அதற்கு வேண்டும். ஆக்சிஜன் நிறைந்த அந்த ஓட்டத்தில், கல்லிலும் தண்ணீருக்குள் தொங்கும் செடிகொடியிலும் ஒட்டிக்கொண்டுதான் அதன் லார்வாக்கள் வளரும்.

நோயாளியைக் கடித்த ஈ அடுத்தவரைக் கடிக்கும்போது, ஆன்கோசெர்கா வால்வுலஸ் என்ற புழுவின் இளம்பருவம் தோல் வழியாக உள்ளே போகிறது. உள்ளே போன புழு மாதக்கணக்கில் வளர்ந்து, தோலுக்கடியில் முடிச்சு போன்ற கட்டிக்குள் தங்கிவிடும். பெண் புழு ஒரு முழ நீளம்கூட வளரும். பத்துப் பதினைந்து ஆண்டு உயிரோடு இருக்கும். அதன் வேலை ஒன்றுதான், குஞ்சுப் புழுக்களைப் பெற்றுக்கொண்டே இருப்பது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகள் தோல் முழுக்க ஊர்ந்து திரியும், சில கண்ணுக்குள்ளும் போகும்.

இதில் விசித்திரம், உயிரோடு இருக்கும் குஞ்சுகளால் பெரிய தொல்லை இல்லை. அவை செத்து அழுகும்போதுதான் உடம்பு எதிர்த்துக் கிளம்புகிறது. அந்த அழற்சிதான் அரிப்பு. அதுவே கண்ணில் வருடக்கணக்கில் நடந்தால் கருவிழி வெளுத்து மங்கி, கடைசியில் பார்வை போய்விடும். ஒன்றிரண்டு கடியில் இது வராது. ஆற்றோரத்தில் உழுது, மீன் பிடித்து, துணி துவைத்து, பல வருடம் கடிபட்டவர்களுக்கு வருவது.

பார்வை மட்டும்தான் போகுமா?

பெயர் அப்படி நினைக்கவைக்கிறது. உண்மையில் தோல் பாதிப்புதான் அதிகம். 2017-க்கான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 2.09 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. அதில் 1.46 கோடிப் பேருக்குத் தோல் நோய். பார்வை பாதித்தவர்கள் 11.5 லட்சம் பேர். தொற்று உள்ளவர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆப்பிரிக்காவில்தான்.

அரிப்பு என்றதும் நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். இது ராத்தூக்கம் இல்லாமல், கல்லாலும் குச்சியாலும் சொறிந்து ரத்தம் வரவைக்கும் அரிப்பு. வருடங்கள் போனால் தோல் தடித்துச் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே நிறம் போய்த் திட்டுத்திட்டாகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை உட்கார முடியாது, பெண்ணுக்கு வரன் அமையாது. கண்ணை மட்டும் எண்ணிய பழைய கணக்குகளில் இந்தக் கஷ்டம் இடம்பெறவே இல்லை.

இன்னொன்று வலிப்பு. நோய் கடுமையாக உள்ள ஊர்களில் குழந்தைகளுக்கு வலிப்பு நோய் வழக்கத்தைவிட மிக அதிகம். உகாண்டா, தெற்கு சூடான், தான்சானியா பகுதிகளில் பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது தலை திரும்பத் திரும்பத் தொங்கி ஆடும் 'தலையாட்டும் நோய்' உண்டு. புழுத் தொற்று எப்படி மூளையைப் பாதிக்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. ஆனால் தொற்று குறையும் இடத்தில் புதிதாக வலிப்பு வருவதும் குறைகிறது.

இந்தியாவில், இலங்கையில் உண்டா?

இல்லை. கரு ஈ இனங்கள் நம் மலை ஓடைகளிலும் இருக்கின்றன, நீலகிரியிலும் பார்க்கலாம், கடித்தால் தடிக்கும். ஆனால் இந்தப் புழு இங்கே இல்லை. நம்மூர் யானைக்கால் நோய்ப் புழு இதன் உறவுக்காரன் என்று சொல்லலாம். அதைப் பரப்புவது கொசு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஆற்றுக் குருடு இருந்தது லத்தீன் அமெரிக்காவில் ஆறு நாடுகளிலும் ஏமனிலும்தான்.

மருந்து வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?

ஈயோடு சண்டை போட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் வோல்டா ஆற்றுப் படுகையில் நிலைமை எப்படி இருந்ததென்றால், சில ஊர்களில் நாற்பது வயது தாண்டிய ஆண்களில் பாதிப்பேர் பார்வை இழந்திருந்தார்கள். சிறுவன் ஒருவன் குச்சியின் ஒரு முனையைப் பிடித்து முன்னே நடக்க, மறுமுனையைப் பிடித்தபடி பெரியவர் பின்னே நடப்பது அங்கே அன்றாடக் காட்சி. அதையே சிலையாக வடித்து வாஷிங்டனில் உலக வங்கித் தலைமையகத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல விளைநிலம் எல்லாம் ஆற்றோரத்தில். ஜனங்களோ அதை விட்டுவிட்டு மேட்டு நிலத்தில் பட்டினி கிடந்தார்கள்.

1972-இல் உலக வங்கித் தலைவர் ராபர்ட் மெக்னமாரா அன்றைய மேல் வோல்டாவுக்கு, இன்றைய புர்க்கினா ஃபாசோவுக்குப் போய் இதை நேரில் பார்த்தார். 1974-இல் ஏழு நாடுகளில் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டம் பிறகு பதினொன்றாக விரிந்தது. ஹெலிகாப்டரிலும் சிறு விமானத்திலும் பறந்து, வாராவாரம், லார்வா வளரும் நீரோட்டங்களில் பூச்சிமருந்து ஊற்றினார்கள். ஆரம்பத்தில் ஊற்றியது டெமிஃபாஸ். டெங்கு காலத்தில் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சுகாதாரப் பணியாளர் ஊற்றும் அபேட் மருந்து அதேதான். 1980 வாக்கில் சில ஆறுகளில் லார்வாக்கள் அதற்கு மசியவில்லை. அப்புறம் பல மருந்துகளை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டிவந்தது.

ஏன் வருடக்கணக்கில்? உடம்புக்குள் இருக்கும் புழு சாகப் பதினைந்து வருடம் ஆகும். அதுவரை புதுத் தொற்று வராமல் பார்த்துக்கொண்டால், பழையது தானாகவே முடிந்துவிடும் என்பது கணக்கு. நடுவில் காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் ஈக்கள் அந்தக் கணக்கைக் குலைத்தன. திட்டத்தை மேற்கிலும் தெற்கிலும் நீட்டியது அதனால்தான். 2002-இல் முடியும்போது ஆறு லட்சம் பேருக்குப் பார்வை போகாமல் தடுத்ததாகவும், இரண்டரைக் கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் குடியேறத் தகுந்ததாக ஆனதாகவும் கணக்கிட்டார்கள். உள்நாட்டுப் போரில் சிக்கிய சியரா லியோன் மாதிரியான இடங்களில் மட்டும் வேலை பாதியில் நின்றது.

ஐவர்மெக்டின் எங்கிருந்து வந்தது? உண்மையிலேயே இலவசமா?

ஜப்பானில் இட்டோ நகரில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே சதோஷி ஒமுரா என்ற விஞ்ஞானி அள்ளிய மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து. அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்ப்பெல் அதிலிருந்து புழுக்கொல்லியைப் பிரித்தார். முதலில் அது ஆடுமாடு, குதிரைக்கான மருந்துதான். மனிதருக்கும் உதவும் என்று விடாமல் வற்புறுத்தி, 1980-களின் தொடக்கத்தில் செனகலில் சோதனை நடத்தியவர் அதே நிறுவனத்தில் இருந்த முகமது அஜீஸ். 2015-இல் ஒமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் நோபல் கிடைத்தது. அஜீஸ் 1987-இலேயே இறந்துவிட்டார். அவர் பெயர் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

மருந்து தயார். வாங்குவதற்கு ஆளில்லை, தேவைப்படுகிறவர்களிடம் காசில்லை, அரசுகளும் முன்வரவில்லை. 1987 அக்டோபரில் மெர்க் தலைவர் ராய் வாகெலோஸ், தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தருகிறோம் என்று அறிவித்தார். மெக்டிசான் என்ற பெயரில் அது இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் மேல் எனக்குப் பெரிய அபிமானம் கிடையாது, ஆனால் இந்த வாக்கை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: இலவசம் மாத்திரைதான். துறைமுகத்திலிருந்து கடைசிக் கிராமம் வரை அதைக் கொண்டுபோவது, பயிற்சி, பதிவேடு, மேற்பார்வை எதுவும் இலவசமில்லை.

ஒரு தடவை போட்டால் குணமாகாதா?

ஆகாது. சிக்கலின் வேர் இதுதான். ஐவர்மெக்டின் குஞ்சுப் புழுக்களைக் கொல்லும், தாய்ப் புழுவைச் சில மாதம் குஞ்சு விடாமல் முடக்கும், ஆனால் கொல்லாது. அரிப்பு அடங்கும், கண் மேலும் கெடாது. மாதங்கள் கழித்துத் தாய்ப்புழு மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். அதனால் அது கிழடாகிச் சாகும்வரை, வருடம் ஒரு முறையாவது மாத்திரை தேவை. பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு, தகுதியுள்ளவர்களில் குறைந்தது 80 சதவீதம் பேர் விழுங்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. நோய் கடுமையாக உள்ள இடங்களில் வருடத்துக்கு இரண்டு முறை கொடுக்கிறார்கள்.

டாக்டரே இல்லாத ஊரில் யார் கொடுப்பது? அளவு எப்படித் தெரியும்?

ஊர்க்காரரே கொடுக்கிறார்கள். என் பார்வையில் இந்த நோயை அடக்கியதில் ஐவர்மெக்டினுக்கு உள்ள பங்கு இந்த ஏற்பாட்டுக்கும் உண்டு. முதலில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் வண்டியில் வந்து கொடுத்துவிட்டுப் போயின. செலவு தாங்கவில்லை, வயலுக்குப் போனவர், சந்தைக்குப் போனவர் எல்லாம் விட்டுப்போனார்கள். 1995-இல் தொடங்கிய ஆப்பிரிக்கத் திட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. ஊர் கூடிப் பேசி, மாத்திரை கொடுப்பவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். எந்த மாதம், எந்த நேரம், வீடு வீடாகவா பொது இடத்திலா என்பதும் ஊர் முடிவு. சுகாதாரத் துறை பயிற்சியும் மாத்திரையும் கொடுக்கும்.

அளவுக்கு ஒரு குச்சி போதும். எடைக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பை வைத்துக் கோடு போட்ட கம்பு. பக்கத்தில் நிறுத்தினால் 90 முதல் 119 செ.மீ. வரை ஒரு மாத்திரை, 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. 90 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், பிரசவமாகி ஒரு வாரம் ஆகாத தாய்மார், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்களுக்குக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். விழுங்குவதைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் முக்கியம்.

உகாண்டாவில் இன்னும் ஒரு படி போனார்கள். ஊர் முழுக்க ஓரிருவர் அலைவதற்குப் பதில், உறவுமுறை வழியாகப் பிரித்து, அவரவர் சொந்தக்காரர்களுக்கு அவரவரே கொடுப்பது. பெண்களும் நிறையப் பேர் இதில் வந்தார்கள். சொந்தக்காரி வீட்டுக்கு வந்து நீட்டும் மாத்திரையை மறுப்பது கஷ்டம்தானே. கொடுப்பவருக்கும் நடை குறைவு, கூலி கேட்கும் பேச்சும் குறைவு.

இருந்தாலும் கூலிப் பிரச்சினை தீரவில்லை. கொசுவலைக்கோ தடுப்பூசிக்கோ வேறொரு திட்டம் வந்து அதே ஆட்களுக்குப் படி கொடுக்கும். இந்த மாத்திரைக்கு மட்டும் சேவை மனப்பான்மை என்பார்கள். நடவு நேரத்தில் நாலு நாள் வேலையை விட்டு ஊர் சுற்றுபவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

ஊர் ஜனங்கள் மாத்திரையை மறுப்பார்களா?

ஆரம்பத்தில் அவ்வளவாக இல்லை. அரிப்பு நின்றது, கூடவே வயிற்றுப்பூச்சி விழுந்தது, பேன் போனது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். முதல் தடவை போட்டதும் சிலருக்கு உடம்பு வீங்கும், காய்ச்சல் வரும், அரிப்பு கூடும். உள்ளே குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் சாவதால் வருவது அது, ஓரிரு நாளில் அடங்கிவிடும். முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்தால் வதந்தி கிளம்பும்.

உண்மையான சிரமம் பத்தாவது வருடத்தில். அரிப்பு கிடையாது, புதிதாக யாருக்கும் பார்வை போகவில்லை, நோயையே பார்த்திராத இளைஞர்கள். எனக்கு ஒன்றுமில்லையே, எதற்கு மாத்திரை? ஊரில் 85 சதவீதம் விழுங்கியதாகப் பதிவேடு சொல்லும். ஆனால் மீதி 15 சதவீதம் வருடா வருடம் அதே ஆட்களாக இருந்தால், அவர்கள் உடம்பில் புழு பத்திரமாக இருக்கும். மொத்த சதவீதத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், ஒரு தடவைகூட விழுங்காதவர் யார் என்று பெயர் வாரியாகப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

யானைக்கால் நோய்க்கு நம்மூரில் கொடுத்தார்களே, அந்த மாத்திரை போதாதா?

கூடாது. நம் ஊர்களில் வருடத்துக்கு ஒரு நாள் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையை ஆற்றுக் குருடு உள்ளவருக்குக் கொடுத்தால், குஞ்சுகள் ஒரேயடியாகச் செத்துக் கடுமையான எதிர்வினை வரும்; இருக்கிற பார்வையும் போகலாம். அதனால்தான் இரண்டு நோயும் உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் யானைக்காலுக்கு டிஇசி தவிர்த்து ஐவர்மெக்டினும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

ஐவர்மெக்டினாலேயே ஆபத்து வரும் இடம் உண்டு என்கிறார்களே?

உண்டு. கேமரூன், காபோன், காங்கோ பக்கத்து மழைக்காடுகளில் லோவா லோவா என்று இன்னொரு புழு. சில சமயம் கண்ணின் வெண்பகுதியில் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். அதன் குஞ்சுகள் ரத்தத்தில் மிக அதிகமாக உள்ளவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதித்துக் கோமா வரலாம், உயிரும் போகலாம். இதனால் அங்கே பல பகுதிகளில் ஊர் முழுவதற்கும் கொடுக்கத் தயங்கினார்கள்.

ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். செல்போன் கேமராவோடு பொருத்திய சிறு நுண்ணோக்கியில் விரல்நுனி ரத்தத்தை வைத்தால், புழு நெளிவதைக் காணொளியாக எடுத்துத் தானே எண்ணிச் சொல்லிவிடும். மில்லிலிட்டருக்கு 20,000-க்கு மேல் இருப்பவர் ஒதுக்கப்படுவார், மற்றவர்களுக்கு மாத்திரை. கேமரூனில் ஒக்கோலா பகுதியில் 2015-இல் இதைச் செய்து பார்த்தார்கள். ஒதுக்க வேண்டியிருந்தவர்கள் மிகச் சிலரே.

இப்போது ஈயை விட்டுவிட்டார்களா?

ஹெலிகாப்டர் காலம் போய்விட்டது. அந்தச் செலவை யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் உகாண்டாவிலும் தெற்கு சூடானிலும் எளிய முறை ஒன்று நடக்கிறது. லார்வா ஒட்டிக்கொள்ளும் செடிகொடிகளை, நீரோட்டம் வேகமாக உள்ள இடங்களில் ஊர்க்காரர்களே அரிவாளால் வெட்டி அகற்றுவது. தெற்கு சூடானில் மாரிடி அணையின் மதகுப் பகுதியில் இப்படி வெட்டியபோது ஈக்கடி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மறுபடி செடி முளைக்கும், மறுபடி வெட்ட வேண்டும். எல்லா ஆற்றுக்கும் பொருந்தாது. ஈ பிறக்கும் இடம் ஓரிரண்டே என்று தெரிந்த ஊர்களுக்கு அருமையான வழி.

புதிய மருந்து, தடுப்பூசி?

தடுப்பூசி இல்லை. மாக்ஸிடெக்டின் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஐவர்மெக்டினைவிடக் குஞ்சுகளை நீண்ட காலம் அடக்கிவைக்கிறது, ஆனால் இதுவும் தாய்ப்புழுவைக் கொல்லாது. கொல்வது டாக்ஸிசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்து. புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது செத்தால் தாய்ப்புழு மலடாகி, மெல்ல மெல்லச் சாகும். நாலு முதல் ஆறு வாரம் தினமும் போட வேண்டும், சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. தனி நோயாளிக்குச் சரி, ஊர் முழுவதற்கும் நடக்காத காரியம்.

ஒழிந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

நோயாளி இல்லை என்று சொன்னால் போதாது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஓவி16 என்ற புழுப் புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவார்கள்; ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஈக்களை ஆயிரக்கணக்கில் பிடித்து மரபணுச் சோதனை செய்வார்கள். முன்பெல்லாம் ஈயைப் பிடிக்க ஆளே காலை நீட்டி உட்கார வேண்டும், இப்போது நீலமும் கறுப்புமான ஒட்டுப் பொறிகளும் வந்திருக்கின்றன. எல்லாம் சரியாக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, மேலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு கண்காணிப்பு. அதற்கு அப்புறம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று.

எந்த நாடுகள் வென்றன?

கொலம்பியா 2013, ஈக்குவடார் 2014, மெக்சிகோ 2015, குவாத்தமாலா 2016. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக நைஜர், 2025 ஜனவரியில். அங்கே 1976 முதல் 1989 வரை பூச்சிமருந்து. பிறகு யானைக்காலுக்காக 2008 முதல் 2019 வரை கொடுத்த ஐவர்மெக்டினும் அல்பெண்டசோலும் இதற்கும் சேர்த்து வேலை செய்தன. ஒரு காலத்தில் 60 சதவீதம் அளவில் இருந்த தொற்று 0.02 சதவீதத்துக்கு இறங்கியது.

அமெரிக்கக் கண்டத்தில் மிச்சம் இருப்பது வெனிசுவேலா–பிரேசில் எல்லையில் யனோமாமி மக்கள் வாழும் அமேசான் காடு. சாலை கிடையாது, மக்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், போதாததற்குத் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுபவர்களின் அட்டகாசம். ஆப்பிரிக்காவில் தலைவலி வேறு: பணம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, இதுபோன்ற நோய்களுக்கான அதன் திட்டமும் நின்றது. மாத்திரை கிடைத்தாலும் ஊருக்குக் கொண்டுசேர்க்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்திருக்கிறது. ஒரு வருடச் சுற்று தவறினால் தாய்ப்புழுவுக்கு அது லாபம்.

பார்வை போனவருக்குத் திரும்ப வருமா?

வராது. இது கண்புரை மாதிரி அறுவை சிகிச்சையில் சரியாகும் விஷயமில்லை. இன்னும் முழுதாகப் போகாதவர்களுக்கு மாத்திரை மேலும் கெடாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

வேலைக்காக ஆப்பிரிக்கா போகிறேன். பயப்பட வேண்டுமா?

சில வாரப் பயணம் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. வேகமாக ஓடும் ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அணைக்கட்டு, சாலைப்பணி, சுரங்கம், ஐ.நா. அமைதிப்படை என்று போகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. கரு ஈ பகலில் கடிப்பது, அதனால் கொசுவலையில் படுத்துப் பயனில்லை. முழுக்கை, முழுக்கால் உடுப்பு, வெளியே தெரியும் தோலில் பூச்சிவிரட்டி. தொற்று ஏறி ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் அறிகுறி தெரியும் என்பதால், ஊர் திரும்பிய பிறகு காரணமில்லாத அரிப்போ தோலுக்கடியில் உருளும் கட்டியோ வந்தால், எந்த நாட்டில், எந்த ஆற்றோரம் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். யானைக்கால் என்று நினைத்து டிஇசி எழுதிவிடாமல் இருக்க அந்தத் தகவல் அவருக்குத் தேவை.